பரீட்சை முடிந்த மறுநாள்

சென்ற இதழைக் கண்டு அன்பர்கள் எழுதிய கடிதங்களுள் ஒன்று, இம்மாதப் பகுதி முழுவதையும் தனக்கே எடுத்துக்கொண்டுவிட்டது. எழுதியவர் நம் சங்கத்தின் நெடுநாள் உறுப்பினர். அவருடைய மகன் ஜெர்மனியில் பொறியியல் மேற்படிப்புப் பயில்கின்றான். அவர் எழுதுகின்றார்: "மாசி மாதம் முழுவதும் பரீட்சை, பேச நேரமில்லை என்றான், பொறுத்துக்கொண்டோம். இப்போது பரீட்சை முடிந்தது, சித்திரை வரை வகுப்பு இல்லை என்கின்றான். ஆனால் ஊருக்கு வரவில்லை. முடிவு தெரிந்ததா என்றால், இன்னும் இல்லை என்கின்றான். பரீட்சைக் காலத்தில் இருந்ததைவிட இப்போதுதான் குரல் சோர்ந்திருக்கின்றது. எதை நம்புவது என்று தெரியாமல் நானும் என் மனைவியும் விழிக்கின்றோம்."

அவன் சொல்வது அத்தனையும் உண்மையாக இருக்கக்கூடும் என்பதே என் முதல் விடை. நம் நாட்டுப் பரீட்சையை மனத்தில் வைத்துக்கொண்டு அந்நாட்டுப் பரீட்சையை அளக்கப் புகுவதால் வரும் மயக்கம் இது. இந்த மயக்கம் இவர் ஒருவருக்கே உரியதன்று. 2022-23 கல்வியாண்டில் ஜெர்மனியிலுள்ள அயல்நாட்டு மாணவர் எண்ணிக்கையில் இந்தியர் சீனரையும் கடந்து முதலிடம் பெற்றனர். நம் சங்கக் குடும்பங்களிலேயே ஒரு பிள்ளையாவது அங்கே இல்லாத தெரு அரிதாகிவிட்டது. ஆதலின் சற்று விரிவாகவே எழுதுகின்றேன்.

என் தங்கை மகள் ஆகன் நகரில் இரண்டாண்டு பயின்றாள். ஜெர்மனியின் மேற்கெல்லையில், நெதர்லாந்தும் பெல்ஜியமும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் ஊர் அது. மழைக்குப் பேர்போனது. 1870-ஆம் ஆண்டு தொடங்கிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஊரின் பெரும்பகுதியைத் தன் வசம் கொண்டிருக்கின்றது. ஒரு பங்குனித் திங்களில் நான் அங்கே சில வாரம் தங்க நேர்ந்தது. இனிச் சொல்லப்போவனவற்றுட் பெரும்பாலானவை அப்போது கண்டும் கேட்டும் அறிந்தவை.

அங்கே ஒரு பாடத்துக்கு ஒரே பரீட்சை. பெரும்பாலும் அந்த ஒன்றே முழு மதிப்பையும் முடிவு செய்துவிடும். நம் பிள்ளைகள் மாதத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு, உள்மதிப்பீடு என்று தவணை தவணையாக மதிப்பெண் சேர்த்துப் பழகியவர்கள். அங்கே நான்கு மாதம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. வகுப்புக்கு வந்தாயா என்று கேட்பார்கூட இல்லை. பின்னர் ஒரு நாள், தொண்ணூறு நிமிடத்தில், அந்த நான்கு மாதத்துக்கும் கணக்குக் கேட்கின்றார்கள். அந்தக் கணக்குக்கு வருவதாயின் சில வாரங்களுக்கு முன்பே பெயரைப் பதிந்திருக்க வேண்டும். பதியாதவன் எவ்வளவு படித்திருந்தாலும் எழுத இயலாது. பதிந்துவிட்டு வாராதவன் தோற்றவனாகவே கொள்ளப்படுவான்.

மண்டபத்தில் ஓர் இருக்கை விட்டு ஓர் இருக்கையாக அமர்த்துகின்றார்கள். மேசைமேல் மாணவர் அட்டை, பேனா, ஒரு தண்ணீர்ப் புட்டி, இவ்வளவே. சில பாடங்களுக்கு மாணவன் தன் கையாலேயே எழுதிய ஒரே ஓர் ஏட்டைக் கொண்டுபோகலாம். இது நம்மவர் காதில் வேடிக்கையாக விழும். பார்த்து எழுதுவதற்கு அனுமதியா என்பார்கள். ஆனால் அந்த ஏட்டை ஆயத்தம் செய்வதே ஒரு படிப்பு. நானூறு பக்கப் பாடத்தை இரு புறத்திலும் எறும்பெழுத்தாக அடக்கியாக வேண்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்வதற்குள் பாடம் மனத்தில் ஏறிவிடுகின்றது. என் தங்கை மகள் இரண்டு நாள் பாடுபட்டு எழுதிய ஏட்டைப் பரீட்சையில் ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லையாம்.

தை மாதத்தில் அங்கே காலை எட்டு மணிக்கு மேல்தான் விடிகின்றது. விடியுமுன்பே நூலக வாயிலில் பிள்ளைகள் நிற்கின்றனர். பரீட்சைக் காலத்தில் இருக்கை கிடைப்பது அவ்வளவு அருமை. பையை வைத்து இடம் பிடித்துவிட்டு நாள் முழுதும் வெளியே திரிவாரும் உண்டு போலும். அதற்காகப் பல நூலகங்களில் ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றார்கள். கடிகார முகம் போன்ற ஓர் அட்டைத் தகட்டில் தான் எழுந்து சென்ற நேரத்தைத் திருப்பி மேசைமேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். குறித்த நேரம் கடந்தும் வரவில்லையாயின் அடுத்தவர் அப்பையை ஒதுக்கிவிட்டு அமரலாம், சண்டை இல்லை. நம் ரயில் வண்டிகளில் துண்டு போட்டு இடம் பிடிப்பாரை நினைத்துக்கொண்டேன்.

உணவுதான் முதலில் கெடுகின்றது. 'மென்சா' எனப்படும் மாணவர் உணவுச்சாலையில் நண்பகலில் மலிவாக உண்ணலாம்; இரவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் பெரும்பாலும் தானே சமைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிறன்று கடைகள் அடைத்திருக்கும். சனிக்கிழமை மாலை நினைவு தவறினால் மறுநாள் வெறும் ரொட்டிதான், அல்லது ரயில் நிலையத்துக் கடைக்கு நடக்க வேண்டும். விடுதியில் பலருக்குப் பொதுவாக ஒரே சமையலறை. நம் பிரஷர் குக்கரின் முதல் விசிலுக்கு அடுத்த அறை ஜெர்மன் மாணவன் பதறி ஓடி வந்த கதை எல்லா விடுதியிலும் உண்டு. கடுகும் மிளகாய் வற்றலும் தாளிக்கும் புகை கூரையிலுள்ள அபாயக் கருவியைக் கூவச் செய்த கதையும் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் விடுதியில் ஓசை கூடாது. ஆகவே நூலகத்திலிருந்து பதினொரு மணிக்குத் திரும்பும் பிள்ளை குக்கர் வைக்கத் துணியாமல், தயிரும் ரொட்டியுமாக உண்டு படுக்கின்றது. பரீட்சைக் காலத்தில் "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் "ஆயிற்று" என்று வரும் விடைக்கு இதுவே பொருள்.

உடல்நலம் குறித்தும் ஒரு விதி உண்டு. இதைப் பெற்றோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். காய்ச்சலோடும் போய் எழுதிவிட்டு வந்தால் அதை ஒரு வீரமாகப் பேசுவது நம் வழக்கம். "மாத்திரை போட்டுக்கொண்டு எப்படியாவது எழுதிவிடு" என்று தொலைபேசியில் சொல்லும் தாய்மார் பலர். அங்கே அது தவறான அறிவுரை. நோயுற்றவன் மருத்துவரிடம் சான்று பெற்று உடனே பரீட்சை அலுவலகத்துக்கு அனுப்பினால், அந்த முறை கணக்கில் சேராது. நோயோடு அமர்ந்து எழுதிவிட்டுத் தோற்றபின், "எனக்கு உடம்பு சரியில்லை" என்றால் பெரும்பாலும் எடுபடாது.

இதில் என்ன இருக்கின்றது, தோற்றால் அடுத்த முறை எழுதுவதுதானே என்பீர்கள். அங்கேதான் செய்தியே இருக்கின்றது. நம் பல்கலைக்கழகங்களில் 'அரியர்' வைத்து ஆண்டுக்கணக்கில் எழுதி முடித்தோரை நாம் அறிவோம். ஜெர்மனியில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்தை மூன்று முறைதான் எழுதலாம். கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாம் முறையும் தோற்றால் அப்படிப்பிலிருந்து பெயர் நீக்கப்படும். அந்நாட்டின் வேறொரு பல்கலைக்கழகத்தில் அதே படிப்பைத் தொடரவும் இயலாது. படிப்புக்காகத் தரப்பட்ட தங்கும் உரிமையும் அதனோடு ஆட்டம் காணும். முதல் இரண்டு பரீட்சைக்கும் மூன்றாவதற்கும் உள்ள வேற்றுமை, ஏணியின் நடுப்படியிலிருந்து விழுவதற்கும் உச்சிப்படியிலிருந்து விழுவதற்கும் உள்ள வேற்றுமை.

என் தங்கை மகள் இருந்த விடுதியில் அடுத்த அறையில் ஓர் இளைஞர் இருந்தார். நம்மைப் போலவே வெளிமாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. தந்தை குடியிருக்கும் வீட்டை ஈடு வைத்துக் கல்விக் கடன் வாங்கி அனுப்பியிருந்தார். இவர் ஒரு பாடத்தில் இருமுறை தோற்றுவிட்டார். வீட்டில் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இஸ்திரி போட்ட சட்டையை அணிந்துகொண்டு, அறையில் ஒழுங்காக இருந்த ஒரே மூலையில் அமர்ந்து, வீட்டாரோடு காணொளியில் பேசுவார். "முடிவு இன்னும் வரவில்லை" என்பார். பேச்சு முடிந்ததும் சட்டையைக் கழற்றி அடுத்த ஞாயிற்றுக்கு மாட்டி வைத்துவிடுவார். ஏனைய நாட்களில் அவர் அறைக் கதவு திறக்கவே இல்லை. இப்படி ஏழு வாரம்.

என் தங்கை மகள்தான் கதவைத் தட்டினாள். மாணவர் நலத்துக்கென்று அந்நாட்டில் ஊர்தோறும் இயங்கும் அமைப்பில், மனச்சோர்வுற்ற மாணவர்க்குக் கட்டணமின்றி ஆலோசனை சொல்வோர் இருக்கின்றனர், ஆங்கிலத்திலும் பேசலாம். அங்கே அழைத்துச் சென்றாள். அதன் பின்னரே அவர் வீட்டுக்கு உண்மையைச் சொன்னார், அதுவும் தாயிடம் மட்டும். அந்த அம்மையார் அழுது புலம்பவில்லை. "மூன்றாவது பரீட்சை எந்தத் தேதி?" என்று கேட்டுச் சமையலறை நாட்காட்டியில் குறித்துக்கொண்டாராம். "அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கின்றேன், நீ படி" என்றாராம். அவ்வளவே.

அவர் தேறினார், 4.0 பெற்று. இந்த எண்ணைக் கண்டு மகிழ்வதா வருந்துவதா என்று அந்தத் தந்தைக்கு இன்றளவும் விளங்கவில்லை என்று கேள்வி. ஜெர்மன் முறையில் 1.0 என்பது மிகச் சிறந்த மதிப்பு. அங்கிருந்து எண் ஏற ஏறத் தரம் இறங்கும். 4.0 வரை தேர்ச்சி; 5.0 தோல்வி. "அப்பா, எனக்கு ஒன்று வந்திருக்கின்றது" என்று துள்ளிக் குதித்த பெண்ணிடம் "பத்துக்கா, நூற்றுக்கா?" என்று கேட்ட தந்தையரும் உளர். தப்பிப் பிழைத்து 4.0 பெறுவோருக்காக அங்குள்ள மாணவர் ஒரு வழக்குச் சொல் வைத்திருக்கின்றனர்: "நான்கு வெல்லும்" என்பது. நான்கு வில்லைகளை ஒரு வரிசையில் சேர்க்கும் சிறுவர் விளையாட்டின் பெயர் அது. அந்த இளைஞர் அன்று விடுதி முழுவதற்கும் கேசரி கிண்டினார்.

பரீட்சை முடிந்த மறுநாளுக்கு வருவோம். நம் நினைவில் அது மேட்னிக் காட்சிக்குப் போகும் நாள். அங்கே பெரும்பாலும் கணக்குத் தீர்க்கும் நாள். ஒரு மாதத்து அழுக்குத் துணி காத்திருக்கும். பொதுச் சமையலறையைத் துப்புரவு செய்யும் முறை தவறிப்போனதற்கு அறைத்தோழர்களிடம் ஈடு செய்ய வேண்டும். மேசைக்கடியில் காலிப் புட்டிகள் குவிந்திருக்கும். அந்நாட்டில் ஒருமுறைப் பயன்பாட்டுப் புட்டிகளுக்குக் கடையில் 25 சென்ட் முன்பணமாகப் பிடித்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கும்போது தருகின்றார்கள். ஆதலின் பரீட்சை முடிந்த மறுநாள் இரண்டு பெரிய பைகளில் புட்டிகளைச் சுமந்து சென்று கடையிலுள்ள இயந்திரத்தின் வாயில் ஒவ்வொன்றாக இடுவதும், வரும் சீட்டைக் கொடுத்து அரிசி வாங்குவதும் மாணவர் உலகின் ஒரு சடங்கு. படிப்பின் அளவைப் புட்டியின் அளவால் மதிப்பிடலாம் என்று என் தங்கை மகள் சிரிப்பாள்.

அதற்கடுத்த நாள் விடுதி வெறிச்சோடுகின்றது. ஜெர்மன் மாணவர் ரயிலேறித் தத்தம் ஊருக்குப் போய்விடுகின்றனர். அழுக்கு மூட்டையையும் தாயிடமே கொண்டுபோவார் பலர். அதுவரை காலடி ஓசையும் பாத்திர ஓசையுமாக இருந்த தாழ்வாரத்தில் நம் பிள்ளை மட்டும் எஞ்சுகின்றது. ஒரு மாதமாகத் தன்னைத் தாங்கி நிறுத்திய கவலையும் போய்விட்டது. அந்த இடத்தில் வேறொன்றும் வந்து அமரவில்லை. அன்பரே, உங்கள் மகன் குரலில் நீங்கள் கேட்ட சோர்வு இதுவாகவும் இருக்கலாம்.

ஊருக்கு வரலாமே என்றால், அக்காலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே விடுமுறை என்று பொருள்படாது. 'சொற்பொழிவு இல்லாத காலம்' என்பதே அதன் பொருள். சில பரீட்சைகள் பங்குனியிலும் நீளும். ஆய்வுக் கட்டுரையை அப்போதுதான் எழுதி முடிக்க வேண்டும். பணமும் அப்போதுதான் ஈட்ட வேண்டும். நம் மாணவர் விசாவுக்காகப் பிள்ளைகள் 'பிளாக்ட் அக்கவுண்ட்' என்று சொல்லும் கணக்கில் ஓராண்டுச் செலவை முன்கூட்டியே செலுத்தியாக வேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. மாதம் 992 யூரோ வீதம் கைக்கு வரும். அறை வாடகையும் மருத்துவக் காப்பீடும் போக மிஞ்சுவதில் விமானச் சீட்டுக்கு இடமில்லை. 2024 மார்ச்சு முதல் அயல்நாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை பார்க்கலாம் என்று விதி தளர்ந்தது. அந்த நாட்களை வகுப்பில்லாத மாதங்களில் செலவிடுவதே அறிவுடைமை என்று பிள்ளைகள் எண்ணுகின்றனர். பண்டகசாலையில் பெட்டி அடுக்கும் பணியாயினும், பேராசிரியரிடம் உதவியாளர் பணியாயினும், ஊருக்கு வராமைக்கு அதுவே காரணம், அன்புக் குறைவன்று.

முடிவும் உடனே வாராது. இருநூறு முந்நூறு விடைத்தாள்களைப் பேராசிரியரின் உதவியாளர் சிலர் அமர்ந்து திருத்த வேண்டும், சில வாரமாகும். வந்தபின் அதை மாணவனுக்கு மட்டுமே தெரிவிப்பார்கள். பெற்றோர் கட்டணம் கட்டியவராயினும் தொலைபேசியில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். வயது வந்த பிள்ளையின் செய்தி பிள்ளைக்கே உரியது என்பது அங்குள்ள சட்டம். ஆனால் ஒரு நல்ல வழக்கம் உண்டு. திருத்திய விடைத்தாளை மாணவனே அமர்ந்து பார்க்க ஒரு நாள் குறிக்கின்றார்கள். எங்கே தவறினோம் என்று பார்க்கலாம். கூட்டலில் பிழையிருந்தால் அங்கேயே கேட்கலாம். தோற்ற பிள்ளைகள் வெட்கத்தால் அந்நாளைத் தவிர்த்துவிடுகின்றனர். தோற்றவனுக்கே அது முதன்மையாகத் தேவை. உங்கள் மகனிடம் அந்நாள் எப்போது என்று கேளுங்கள்.

இந்த வெறுமை நாட்களை நல்ல முறையில் கழித்தோரையும் கண்டேன். ஆகனிலிருந்து எல்லையைத் தாண்டினால் 322 மீட்டர் உயரத்தில் ஒரு குன்று. மூன்று நாடுகளின் எல்லை ஒரு கல்லில் கூடுகின்றது. (1920 வரை அங்கே நான்காவதாக மோரெஸ்னெட் என்று ஒரு துண்டு நிலமும் எவர்க்கும் உரியதன்றி நூறாண்டுக்கு மேல் இருந்ததாம்.) புளிச்சோறு கட்டிக்கொண்டு நம் பிள்ளைகள் எழுவர் அங்கே நடந்து போனார்கள்; நானும் மூச்சிரைக்க உடன் போனேன். மற்றொரு நாள் மாணவர்க்குரிய பயணச் சீட்டிலேயே ஹாம் என்னும் ஊருக்குச் சென்றோம். ஈழத் தமிழர் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் அங்கே இராச கோபுரத்தோடு நிற்கின்றது. 2002-இல் குடமுழுக்கு நடந்தது. போரால் ஊர் இழந்து வந்தவர்கள் கட்டிய கோயில். ஈழத்தார் கடையில் முருங்கைக்காயை எடை போட்டவாறே ஒரு பெரியவர் "பிள்ளையள், சோதினை எல்லாம் முடிஞ்சுதோ?" என்று கேட்டார். ஒரு மாதமாக அவர்களை யாரும் தமிழில் அக்கேள்வி கேட்டிருக்கவில்லை. என் தங்கை மகள் சட்டென முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்பரே, உங்கள் மகன் எல்லாப் பாடத்திலும் தேறினானா என்பதை அவனே சொல்ல வேண்டும். ஆனால் அவன் சொல்வதற்கு வழி விடலாம். வேலை தேடிப் பம்பாய்க்கும் டில்லிக்கும் வந்த நம் தந்தையர் மெஸ் சோற்றுக்குத் திண்டாடிய நாளிலும், "இங்கு யாவரும் நலம்" என்றே ஊருக்குக் கார்டு எழுதினர். அந்த எழுத்தைப் படித்து வளர்ந்த வீடுகள் நம்முடையவை. "முடிவு வந்ததா?" என்ற கேள்விக்கு அவ்வீட்டுப் பிள்ளை வேறு எப்படி விடை சொல்லும்? "எந்தப் பாடம் கடினம்? இது எத்தனையாவது முறை? அடுத்தது எப்போது?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது கடன் தவணையைப் பற்றிப் பேச வேண்டா. நேரமும் பார்த்துக் கேளுங்கள். மார்ச்சு கடைசி ஞாயிறு வரை அந்நாடு நமக்கு நாலரை மணி பின்னே. அதன் பின் மூன்றரை மணி. நம் இரவு ஒன்பதரை அங்கே மாலைப் பொழுது. வெறிச்சோடிய சமையலறைக்குள் அவன் நுழையும் நேரம் அது.

கடிதத்தின் இறுதியில், பார்சல் அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கின்றீர்கள். தாராளமாக அனுப்பலாம். அன்பளிப்பாக அனுப்பும் பொருளின் மதிப்பு 45 யூரோவுக்குள் இருந்தால் சுங்க வரி இல்லை. உள்ளே இருப்பனவற்றை ஒன்றுவிடாமல் படிவத்தில் எழுதுங்கள். நெய்யும் பால்கோவாவும் வேண்டா. பாலில் செய்த பண்டமும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து அனுப்புவது தடை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, அப்பளம், புளி ஆகியவை போகும். பொடிகளை இரட்டை உறையிலிட்டு வாயை ஒட்டிவிடுங்கள். அடுத்த பரீட்சை ஆடியில் வரும். பார்சல் அதற்கு முன்னர் அன்று, அது முடியும் வாரத்தில் போய்ச் சேருமாறு நாள் கணக்கிட்டு அனுப்புங்கள்.